சேற்றுச் சரிவில் இறங்கும்போது பின்னால் சாயாதீர்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். காலாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் கர்நாடகக் கடற்கரையில் உள்ள கோகர்ணம் போகிறோம். ஓம் கடற்கரையிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து ஹாஃப் மூன் கடற்கரைக்கு இறங்க வேண்டும் என்று 12 வயது மகன் பிடிவாதமாக இருக்கிறான். பாதை செங்குத்து, சேறு வேறு என்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. போகலாமா? செருப்பு போதுமா?

பதில்: மகனுடன் நீங்களோ கணவரோ தாராளமாகப் போகலாம். மாமியாரை அழைத்துப் போக வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடை முழுவதையும் மடங்கிய ஒற்றைக் கால் தாங்கி நிறுத்த வேண்டும். உங்கள் இருவரில் மற்றவர் அவருடன் ஓம் கடற்கரையிலேயே இருந்துவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நமக்கு அடைமழை ஐப்பசி, கார்த்திகையில். கோகர்ணத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். நீங்கள் போகும் நேரத்தில் வானம் வெளுத்திருந்தாலும், மர நிழலில் உள்ள பாதை காய்ந்திருக்காது. நம் கடலூரின் கேப்பர் மலைப் பக்கம் மழை நாளில் செம்மண் சரிவில் கால் வைத்திருந்தால் அந்த வழுக்கல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடியில் தரை கெட்டி, மேலே மெல்லிய களி. பார்வைக்கு உறுதியாக இருக்கும்; மிதித்தால் மேல்படலம் மட்டும் நழுவும்.

இனி முக்கியமான விஷயம். சரிவைக் கண்டதும் பயத்தில் நாம் எல்லோரும் உடம்பைப் பின்னால் சாய்க்கிறோம். விழ வைப்பதே அதுதான். பின்னால் சாய்ந்தால் குதிகால் மட்டும் தரையில் பட்டு, கால் முன்னோக்கித் தள்ளப்படும், பிடிமானம் போய்விடும். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, உடம்பின் பாரம் நேராகப் பாதத்தின் மேல் இறங்கும்படி நில்லுங்கள். முழுப் பாதத்தையும் பதியுங்கள். அடி குட்டையாக இருக்கட்டும், அரை அடி தூரம் போதும். முன்காலை வைத்ததும் பாரத்தை மாற்றிவிடாதீர்கள். லேசாக அழுத்திப் பார்த்து, அது நகரவில்லை என்று தெரிந்த பிறகு பின்காலை எடுங்கள். மிகவும் செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, நண்டு நடையாக இறங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் உட்கார்ந்து நகருங்கள். உடை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். விழும்போது கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும்.

ஈரமான மரவேர் சேற்றைவிட மோசம். அதன் மேல் மிதிக்காமல் தாண்டி வையுங்கள். செடி கொடிகளைப் பிடித்துத் தொங்கவும் கூடாது, ஊறிய மண்ணில் வேரோடு வந்துவிடும். மகன் ஓடுவான், பிள்ளைகள் அப்படித்தான். இறங்கும்போது பெரியவர் ஒருவர் அவனுக்கு முன்னால் போங்கள், ஆனால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் சறுக்கினால் அடுத்தவரையும் சாய்த்துவிடுவார்.

செருப்பு போதாது. ரப்பர் செருப்பின் தேய்ந்த அடியில் களி அப்பிக்கொண்டால் வழவழப்பாகிவிடும், வாரும் அறுந்துபோகும். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ வேண்டும், கணுக்காலில் இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கால் முன்னோக்கிச் சறுக்கி, விரல் நகம் ஷூவின் முனையில் இடித்துக் கறுத்துவிடும். புறப்படுமுன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பள்ளங்களில் சேறு அடைத்தால் அவ்வப்போது கல்லில் தட்டி உதறுங்கள். வெறுங்காலில் நல்ல பிடிப்பு கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கடற்கரை மணலுக்கு அது சரி. கூரான கற்கள் கிடக்கும் அந்தப் பாதைக்கு ஒத்துவராது. ஆளுக்கு ஒரு கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஊன்றுவதைவிடச் சற்று நீளமாக இருந்தால் இறக்கத்துக்கு வசதி. தண்ணீர் பாட்டிலும் கைப்பேசியும் முதுகுப்பைக்குள் போகட்டும்.

ஒரு வழிக்கு அரைமணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறுவனோடும் சேற்றோடும் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் கடலில் எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்; அங்கே அது கடலில் இறங்குவதைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது. அக்டோபர் தொடக்கத்தில் ஆறேகால் மணியளவில் சூரியன் மறையும். அதற்குப் பிறகு மரங்களுக்கு நடுவே ஏறுவது ஆபத்து. நான்கு மணிக்கே மேலே கிளம்பிவிடுங்கள். சூரிய அஸ்தமனத்தை ஓம் கடற்கரையில் மாமியாரோடு உட்கார்ந்து பாருங்கள், அங்கிருந்தும் அது கடலில்தான் விழுகிறது.

பருவமழை முடியும் தறுவாயில் அரபிக் கடல் இன்னும் அடங்கியிருக்காது. ஒதுக்குப்புறக் கடற்கரையில் அலை இழுத்துப் போனால் கூப்பிட ஆள் இல்லை. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புறப்படும்போதே மழை பிடித்தால், அல்லது பாதையில் செந்நீர் ஓடக் கண்டால், இறங்கவே வேண்டாம். கீழே போன பிறகு மழை வந்தால் மேலே ஏற அவசரப்படாதீர்கள். மழை விட்டு, பாதையில் ஓடும் நீர் வடியும்வரை காத்திருந்து ஏறுங்கள். அதற்கும் நேரம் வேண்டும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.