கோமாளி மீன் குஞ்சுகள் ஐந்தாம் நாளுக்குள் இறப்பது ஏன்?

திருகோணமலையில் வீட்டுத் தொட்டியில் பொரித்த கோமாளி மீன் குஞ்சுகள், ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிரியின் குஞ்சுகள்) கொடுத்தும் ஐந்தாம் நாளுக்குள் இறக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பசிதான் காரணம். புதிதாகப் பொரித்த குஞ்சின் வாய்க்கு ஆர்ட்டீமியா பெரிது. ஆகவே முதல் வாரம் முழுவதும், நுண்பாசி ஊட்டி வளர்த்த ரொட்டிஃபர்களை (ஆர்ட்டீமியாவைவிடச் சிறிய நுண்ணுயிரிகளை), குஞ்சு எந்தப் பக்கம் திரும்பினாலும் இரை எதிர்ப்படும் அளவுக்கு நீரில் அடர்த்தியாக வைத்திருந்து, ஏறக்குறைய எட்டாம் நாளிலிருந்து, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்க வேண்டும். மிஞ்சிய இரை அழுகினால் அமோனியா ஏறும் என்பதால், அடியில் படிவதை நாள்தோறும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே உப்பும் வெப்பமும் உள்ள நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். கடல்நீர்தானே என்று நம்பிவிட வேண்டாம்: மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவில், மாரியில் அள்ளும் நீர் உப்புக் குறைந்திருக்கக்கூடும், நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023 முதல் 1.026 வரை இருக்கிறதா என்று அளந்த பின்னரே ஊற்றுங்கள்.