'ரிவர்ட்' என்று ஆணை வந்தால் அது தண்டனையா?

மத்திய அரசு அலுவலகமொன்றில் தற்காலிகப் பதவி உயர்வில் மேற்பார்வையாளராகப் பணியாற்றிவரும் வாசகருக்கு, முந்தைய பதவிக்கு 'ரிவர்ட்' செய்யப்படுவதாக ஒரு வரியில் ஆணை வந்திருக்கிறது. மின்னஞ்சலில் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்றால் பதில் எழுதுங்கள் என்றுதானே பொருள், இது தண்டனையா, ஆணையை ரத்து செய்து தருவதாகப் பணம் கேட்பவரை நம்பலாமா என்று கேட்கிறார்.

அச்சொல்லின் மூலப்பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. பதில் எழுதுவது என்பது நம் நாட்டு அலுவலகங்களில் பரவிய வழக்கு. ஆணைக்கு அது பொருந்தாது. உங்கள் ஆணை நிரந்தரப் பதவிக்குத் திருப்பி அனுப்புவதையே குறிக்கிறது. தற்காலிகமாக வகித்த பதவியில் உங்களுக்கு உரிமை பிறக்கவில்லை என்பதால், அப்பதவியின் ஊதியம் நின்றுபோவது மட்டுமே தண்டனையாகாது. ரயில்வே ஊழியர் புருஷோத்தம் லால் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

ஆனால் ஒரு விலக்கைக் கவனமாகப் பாருங்கள். திருப்பி அனுப்புவதோடு கீழ்ப்பதவியில் உங்கள் பணிமூப்பு பறிக்கப்பட்டாலோ, வருங்காலப் பதவி உயர்வு தடுக்கப்பட்டாலோ, நடத்தையைக் குறைகூறும் வாசகம் சேர்க்கப்பட்டாலோ, பெயர் எதுவாயினும் அது தண்டனையே. குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரணை நடத்தாமல் அதை விதிக்க அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு இடம் தராது. ஆணையின் வாசகம் சாதுவாக இருந்து, கோப்பில் முறைகேட்டுப் புகாரே அதற்கு அடிப்படை என்று தெரிந்தாலும், நீதிமன்றம் சொற்களுக்குப் பின்னே சென்று உண்மைக் காரணத்தைப் பார்க்கும். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கோப்புக் குறிப்புகளின் நகலை இன்றே கேளுங்கள்.

ஓர் ஊழியரின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் ஆணையில் காரணத்தை ஒரு பத்தியாவது எழுதாமல், பழைய கோப்பிலிருந்து ஒற்றை வரியைப் படியெடுத்து அனுப்பும் வழக்கத்தை எந்த அலுவலகமும் கைவிடுவதாக இல்லை. இந்த மௌனத்தை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆணையை ரத்து செய்து தருவதாகச் சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடவே கூடாது. 'சொந்த விருப்பத்தின்பேரில் ரிவர்ஷன் கோருகிறேன்' என்று எழுதித் தந்தால் பிறகு சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். அந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்தபின், உங்கள் வழக்கை நீங்களே பலவீனப்படுத்தியவராவீர்கள்.

மத்திய குடிமைப் பணிகளின் 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, தண்டனையல்லாத ரிவர்ஷனுக்கும் மேல்முறையீடு உண்டு. ஆணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் அதை உரிய மேலதிகாரிக்கு எழுத்துமூலம் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதங்களாகியும் முடிவு வராவிட்டால், அதிலிருந்து ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.