முகப்பரு, கரப்பான், கழுத்துக் கருப்பு: சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டவை

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவோடு சேர்ந்து 18 வருஷமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தும் கிரீமும் எழுதித் தருவது தோல் டாக்டரின் வேலை. அந்த மருந்தோடு என்ன சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, எதையெல்லாம் வீணாக ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று உட்கார்ந்து பேசுவது என் வேலை. சிவப்பது, தடிப்பது, அரிப்பது எல்லாவற்றையும் அழற்சி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பருவுக்குக் காரணம் வேறு, தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்குக் காரணம் வேறு. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவி, அம்பத்தூர்): அக்கா, ஒரு வருஷமா முகம் முழுக்கப் பரு. பலகாரம், முட்டை, சிக்கன், மாம்பழம் எல்லாத்தையும் அம்மா நிறுத்திட்டாங்க. ஆறு மாசமாச்சு, கொஞ்சமும் குறையல. காலையில தோசை, சர்க்கரை தொட்டுப்பேன். மதியம் கேன்டீன்ல லெமன் சாதம், சிப்ஸ். சாயங்காலம் ரோஸ் மில்க். நைட் அஞ்சு இட்லி. இதுல எது தப்பு?

பதில்: உன்மேல் தப்பில்லைம்மா. வடையில் இருக்கிற எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து பருவாவதில்லை. இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாட்டுக்குத்தான் பருவோடு தொடர்பு தெரிகிறது. சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறும். கூடவே ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் வேலையில் இறங்கும். இரண்டும் சேர்ந்து தோலின் எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடும், மயிர்க்கால் துவாரம் அடைபடும். அடைபட்ட இடத்தில் கிருமி பெருகி, உடம்பு அதை எதிர்க்கும்போதுதான் பரு சிவந்து வலிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாட்டுக்கு மாறியவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்திருந்தது.

உன் ஒரு நாளை மறுபடி படித்துப் பார். அரிசி, சர்க்கரை, அரிசி, சர்க்கரை, அரிசி. வீட்டில் நிறுத்தியிருப்பது முட்டையையும் சிக்கனையும். அவை தட்டில் இருந்தால் அரிசி தானாகக் குறையும், சர்க்கரையும் நிதானமாக ஏறும். முதலில் முட்டையைத் திரும்பக் கொண்டு வா. தோசைக்குச் சர்க்கரை வேண்டாம், காய் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய. மதியம் முடிந்தால் வீட்டிலிருந்து டப்பா: பாதி சாதம், பாதி பொரியல், கூட ஒரு முட்டை. ரோஸ் மில்க் நேரத்துக்கு ஒரு கை சுண்டல். இரவு மூன்று இட்லி போதும், பசித்தால் சாம்பாரைக் கூட்டிக்கொள். மாம்பழம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு சாப்பிடலாம். மாம்பழ சீசனில் உதட்டைச் சுற்றி எரிச்சலும் தடிப்பும் வந்தால், அது சூடு இல்லை. காம்பில் வடியும் பால் தோலில் பட்டதால் வருவது. கழுவி, தோலை நன்றாகச் சீவிவிட்டுச் சாப்பிடு.

மூன்று மாதம் பொறுமையாக இரு. பரு குழியாகித் தழும்பு விழுகிறது என்றால் மட்டும் காத்திருக்காதே; தோல் டாக்டரை இந்த வாரமே பார்.

கேள்வி (ஜிம் போகும் இளைஞர், வேளச்சேரி): மேடம், நாலு மாசமா வே புரோட்டீன் ரெண்டு ஸ்கூப். முதுகு, தோள் எல்லாம் பெருசு பெருசா பரு. சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம் தம்பி. வே என்பது பாலிலிருந்து எடுப்பது. இன்சுலினை நன்றாகத் தூண்டும். ஜிம் போகிறவர்களுக்கு இதனால் பரு வந்ததை மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். எட்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். முட்டை, சிக்கன், கொண்டைக்கடலை, பச்சைப்பயறு வைத்தே உங்கள் கணக்கை எட்டிவிடலாம். பி12 ஊசி போடுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிக அளவு பி12 சிலருக்குப் பருவைக் கிளப்பும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, குரோம்பேட்டை): கன்னத்தில் ஒன்றும் இல்லை. நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாக வருகிறது. என்ன சாப்பாட்டைக் குறைக்க?

பதில்: சாப்பாட்டை விடுங்கள், தலையணை உறையைப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக எண்ணெய்க் கறை இருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வியர்வையோடு நெற்றிக்கு இறங்கித் துவாரத்தை அடைக்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள், ராத்திரி முழுக்க வேண்டாம். உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள்.

கேள்வி (ஒரு தாய், கொளத்தூர்): என் பையனுக்கு 14 வயசு. கழுத்தைச் சுத்தி கருப்பா, வெல்வெட் துணி மாதிரி தடிச்சிருக்கு. பீர்க்கங்காய் நாரால தினமும் தேய்க்கிறேன், எலுமிச்சம்பழம் வச்சேன், போகவே இல்ல. ஸ்கூல்ல குளிக்கலையான்னு கேக்கறாங்களாம், அழறான்.

பதில்: அம்மா, முதலில் நாரைக் கீழே வையுங்கள். அது அழுக்கு இல்லை. குழந்தையிடம் இன்றைக்கே இதைச் சொல்லுங்கள். அவன் எவ்வளவு நாளாக இதை மனசில் சுமந்தானோ. என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிய கழுத்தோடுதான் வந்தார்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று டாக்டர்கள் சொல்வதாக இருக்கலாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு இங்கெல்லாம் கருத்துத் தடிக்க வைக்கும். வெளியிலிருந்து தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்தால் அந்த உரசலுக்கே இன்னும் கருக்கும்.

குழந்தை நல டாக்டரிடம் காட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பயப்பட வேண்டாம், இந்த வயதில் திருப்பிவிடலாம். பாட்டில் ஜூஸ், குளிர்பானம், பாக்கெட் பிஸ்கட் வீட்டுக்குள் வராமல் இருக்கட்டும், அவனுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும். எடை கொஞ்சம் குறைந்தாலே கழுத்து வெளுக்கத் தொடங்கும், அதற்குச் சில மாதம் ஆகும். பெண் பிள்ளைக்கு இப்படி இருந்து மாதவிடாயும் தள்ளிப் போனால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (இல்லத்தரசி, மயிலாப்பூர்): ஃபில்டர் காபியை மட்டும் விடச் சொல்லாதீங்கோ. நாலு வேளை வேணும். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம்னா நாட்டுச் சர்க்கரைக்கு மாறிடறேன்.

பதில்: காபியை விட வேண்டாம் மாமி. நாளைக்குக் காலையில் ஒன்று செய்யுங்கள். டம்ளரில் போடுவதற்கு முன் அந்தச் சர்க்கரையை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டுங்கள். நான்கு வேளையும் அதே காகிதத்தில். வேளைக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் ராத்திரிக்குள் எட்டு டீஸ்பூன், முப்பது கிராமுக்கு மேல் குவிந்திருக்கும். நாள் முழுவதும் சேர்த்துச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எதுவானாலும் இரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

கேள்வி (இளம் தாய், வியாசர்பாடி): குழந்தைக்கு 3 வயசு. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னால கரப்பான். மாமியார் கரப்பான் பண்டம்னு கத்தரிக்காய், மீன், முட்டை, வேர்க்கடலை எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. எடை ஏறவே இல்ல. யார் சொல்றதைக் கேக்கறது?

பதில்: மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், சண்டை வேண்டாம். பத்தியம் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் கவனித்துப் பார்த்த அறிவும் உண்டு. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிப்பது நிஜம். ஆனால் எல்லாக் கரப்பானுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. வளர்கிற குழந்தைக்கு முட்டை, மீன், கடலை மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒத்துக்கொண்டிருந்த உணவைக் காரணமில்லாமல் நீண்ட நாள் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது சில குழந்தைகளுக்கு உண்மையான ஒவ்வாமையே வந்துவிடும். அதனால் நிறுத்தியதை வீட்டில் நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், குழந்தை நல டாக்டரிடம் பட்டியலைக் காட்டி ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். எந்த உணவாவது கொடுத்த சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அதுதான் சந்தேகப்பட வேண்டியது. மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

கரப்பானில் பெரிய வேலை குளியலறையில் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளிப்பாட்டுங்கள். கடலை மாவு, பயத்தமாவு தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே டாக்டர் சொன்ன மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். காசு இடிக்கிறது என்றால் செக்கில் ஆட்டாத, தேங்காய்ப் பாலிலிருந்து எடுத்த வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் நல்லதே. (நெற்றிப் பருவுக்கு ஆகாத எண்ணெய் வறண்ட கரப்பானுக்கு உதவும்.) நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், சிறுசேரி): நைட் ஷிஃப்ட். ராத்திரி 2 மணிக்கு பிரியாணி. பகல்ல 4 மணி நேரத் தூக்கம். ஆறு மாசமா முகமும் போச்சு, அரிப்பும் கூட. டயட் சார்ட் கொடுங்க.

பதில்: சார்ட் கொடுப்பதற்கு முன் தூக்கம் வேண்டும் தம்பி. தூக்கம் தொடர்ந்து குறைந்தால் உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி போன்றவை ஏறும். கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் ஒழுங்கும் குலையும். நான்கு மணி நேரத் தூக்கத்தின் மேல் எந்தக் கீரையை வைத்தும் பலனில்லை. ஜன்னலுக்குக் கருப்புத் துணி, போன் அடுத்த அறையில், ஏழு மணி நேரம். பெரிய சாப்பாட்டை ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்பே முடியுங்கள். 2 மணிக்கு மோரும் சுண்டலும் போதும். அரிப்போடு தடிப்பு எழும்பி மறைந்து, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பெரும்பாலும் சாப்பாட்டால் வருவதில்லை. ஒவ்வொரு உணவாக ஒதுக்கிக்கொண்டே போகாமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்றவர், அண்ணா நகர்): மஞ்சள் மாத்திரை விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தனியாகப் போனால் உடம்பு சரியாக உறிஞ்சாது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதே காரணத்தால் செறிவான மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்தும் இருக்கின்றன. மஞ்சளும் மிளகும் தாளித்த எண்ணெயும் சேர்ந்த ரசம் வீட்டிலேயே இருக்கிறது.

கேள்வி (மெக்கானிக், திருவொற்றியூர்): சொரியாசிஸ், பத்து வருஷமா. மாத்திரை எடுக்கிறேன். எடை 94 கிலோ. மீன் சாப்பிடலாமா கூடாதா?

பதில்: சாப்பிடுங்கள் அண்ணே. காசிமேடு உங்களுக்குப் பக்கம். வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மத்தி, கானாங்கத்தை, நெத்திலி வாங்குங்கள். மத்தியைக் கழுவும்போது கையில் ஒட்டுகிற கொழுப்பு இருக்கிறதே, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இருப்பது அதில்தான். வாரம் இரண்டு நாள், குழம்பாக. சைவக்காரர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் உண்டு, ஆனால் அவற்றில் இருக்கும் ஒமேகா-3-ஐ மீனில் இருக்கும் வகையாக உடம்பு கொஞ்சம்தான் மாற்றிக்கொள்ளும். விதையை வறுத்து இட்லிப் பொடியோடு அரைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்களுக்கு மீனைவிட முக்கியம் எடை. சொரியாசிஸ் உள்ளவர்கள் எடை குறைத்தால் படை குறைகிறது, மருந்தும் நன்றாகக் கேட்கிறது. குடியும் பீடி சிகரெட்டும் இருந்தால் இரண்டும் நோயைக் கிளப்பும், சில மாத்திரைகளோடு குடி சேர்ந்தால் கல்லீரல் கெடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (பலர்): அக்னி நட்சத்திரத்தில் வேர்க்குருவுக்கு என்ன சாப்பிட?

பதில்: நுங்கு, மோர், தண்ணீர் உடம்புக்கு நல்லது, தாராளமாக. வேர்க்குரு வியர்வை நாளம் அடைபடுவதால் வருவது. பருத்தி உடை, இரண்டு வேளைக் குளியல், மின்விசிறிக் காற்று. களிம்பு அப்ப வேண்டாம்.

கேள்வி (ஒரு பெண், தண்டையார்பேட்டை): மூணு வருஷமா மெடிக்கல்ல ஒரு கிரீம் வாங்கிப் போடறேன், முகம் பளிச்சுன்னு இருக்கும். போடலைன்னா செவந்து எரியுது. சாப்பாட்டுல சரி பண்ண முடியுமா?

பதில்: இதைச் சாப்பாட்டால் சரி செய்ய முடியாது தங்கச்சி, மறைக்காமல் சொல்கிறேன். போன மாதம் உங்களைப் போல ஒருவர் வந்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்த டியூபைக் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தார். பொடி எழுத்தில் ஒரு ஸ்டீராய்டின் பெயர் இருந்தது. கன்னத்தோல் காகிதம் போல மெலிந்து, சிவப்பாக இரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது, என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. படர்தாமரைக்கு இதைப் போட்டு உடம்பு முழுக்கப் பரவவிட்டவர்களையும் பார்க்கிறேன்.

சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் ஏறும், அதைத் தாங்காமல் மறுபடி போடத் தோன்றும். அதனால் டாக்டர் பார்வையில் நிறுத்துங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, உங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஸ்டான்லி, இரண்டிலும் தோல் பிரிவு உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். காலியான டியூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.