தினமும் ஒரு வசனம் வாசித்தும் அது அன்றாட வாழ்க்கையோடு ஒட்டவில்லையே, ஏன்?

ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு வசனத்தை வாசித்து, அதையே அன்றைய நாளுக்கான வார்த்தையாக எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் மதியத்துக்குள் அந்த வசனத்துக்கும் தம்முடைய வேலை, குடும்பம், கடன், நோய் ஆகியவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல் ஆகிவிடுவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வேதாகமத்தின் பாடங்களை அன்றாட வாழ்க்கையோடு எப்படி இணைத்துப் பார்ப்பது, அதை எந்த முறையில் வாசிப்பது என்பவை அவருடைய கேள்விகள். நான் இறையியல் கற்றவன் அல்லன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, வேதாகமத்தை நெடுங்காலமாக வாசித்துவருகிறவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த இணைப்பை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். வேதாகமத்தின் பெரும்பகுதி, கூலி, கடன், வழக்கு, பயணம், பசி, தூக்கம், உறவினர் சண்டை என்று அன்றாடக் காரியங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து கத்தரித்து எடுக்கும்போது, அது யாருக்கு, எந்த இக்கட்டில், எந்த வேலையைச் செய்யும்படி சொல்லப்பட்டது என்பதையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறோம். மிஞ்சுவது ஒரு நல்ல வாசகம் மட்டுமே. அதை நம்முடைய நாளோடு ஒட்டவைக்க நாமே பாடுபட வேண்டியதாகிறது. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் 1551ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கொடுத்தார். அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களை முதலில் கேட்டவர்கள், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் முறையில், ஒரு கடிதத்தை முழுக் கடிதமாகவே கேட்டார்கள்.

பலருக்கும் மனப்பாடமான எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். கர்த்தர் தம்முடைய ஜனங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று சொல்லும் இந்த வசனம், நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளின் மேசைமேலும் இருக்கிறது. ஆனால் இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் ராஜாவாகிய எகோனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, எருசலேமிலிருந்து தீர்க்கதரிசியாகிய எரேமியா அந்தக் கடிதத்தை எழுதுகிறார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, 2 வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவித்திருக்கிறான். அப்படிப்பட்ட செய்தியைக் கேட்டவன் மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பானே தவிர, இருக்கிற இடத்தில் ஒரு செடியைக்கூட நட மாட்டான். எரேமியாவின் கடிதமோ, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணத்தினுடைய சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று சொல்லி, அதன்பிறகு 70 வருஷம் என்ற கணக்கையும் வைக்கிறது. முப்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்ட ஒருவர், தாம் சொந்த ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்பதை அந்த இடத்திலேயே தெரிந்துகொண்டிருப்பார். அவருக்குத்தான், அந்தச் செய்தியோடு சேர்த்துத்தான், 11ஆம் வசனம் சொல்லப்படுகிறது.

இதைச் சொன்னால், ஆறுதலான வசனத்தைப் பிடுங்கிக்கொள்கிறீர்களே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரும்பாத ஊருக்கு மாற்றலாகிப் போனவருக்கும், சீக்கிரம் குணமாகாத நோயோடு வாழ்கிறவருக்கும், எதிர்பார்த்த வேலை கிடைக்காமல் வேறொன்றில் நிற்கிறவருக்கும், முழுக் கடிதம் கொடுக்கிற அளவுக்கு அந்த ஒற்றை வரி கொடுப்பதில்லை. நிலைமை மாறிய பிறகுதான் வாழத் தொடங்க வேண்டும் என்றில்லை, இந்த இடத்திலேயே தோட்டம் போடலாம் என்பது, நாளைக் காலையில் எழுந்து செய்யக்கூடிய காரியம். சூழலை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் நீட்டுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் சோதனைக்காரனாகிய பிசாசு இயேசுவை ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, தூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91ஆம் சங்கீதத்தைச் சரியாகவே மேற்கோள் காட்டுகிறான். பிழை வார்த்தையில் இல்லை. வேண்டுமென்றே கீழே குதித்துப் பார் என்று அதைத் திருப்புவதில்தான் இருக்கிறது.

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், உபாகமத்தையும் யாத்திராகமத்தின் சட்டப் பகுதிகளையும் பழைய காலத்துச் சமாசாரம் என்று தாண்டிப் போகிறவர்கள், தாங்கள் தேடுகிற இணைப்பையே தாண்டிப் போகிறார்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும், ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22 சொல்கிறது. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால், பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. கடவுளின் பெயரால் கொடுக்கப்பட்ட ஒரு சட்டத்தில் இப்படி ஒரு கேள்வி வருவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இவற்றில் என் வேலையோடு நேராகப் பொருந்துவது உபாகமம் 24. கூலிக்காரனின் கூலியை அவன் வேலை செய்த நாளிலேயே, சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்றும், அவன் ஏழை, அந்தக் கூலியின்மேலேயே மனதை வைத்திருக்கிறான் என்றும் அது சொல்கிறது. என் மேசைக்குப் பலவிதமான பில்கள் வருகின்றன. பெரிய நிறுவனங்களின் பில்களுக்குப் பின்னால் தொலைபேசி அழைப்புகளும் மின்னஞ்சல்களும் வரும். துப்புரவு வேலை, சுமைதூக்கும் வேலை, ஒருநாள் மின்பழுது பார்க்கும் வேலை ஆகியவற்றுக்கான சிறிய பில்களுக்குப் பின்னால் யாரும் அழைப்பதில்லை. சத்தம் போடுகிறவரின் காகிதம் மேலே போவதும், கேட்கத் தயங்குகிறவரின் காகிதம் கோப்பின் அடியிலேயே கிடப்பதும் எந்த அலுவலகத்திலும் இயல்பாக நடப்பவை. நான் காலையில் கோப்பைத் திறந்ததும் சிறிய பில்களைப் பிரித்து முதலில் வைக்கிறேன்; ஒரு கையெழுத்துக் குறைந்தால் அதை நானே எடுத்துக்கொண்டு போய் வாங்குகிறேன். இதற்கு வேதப்பாடம் என்று பெயர் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதில் பக்தியாகத் தோன்றும் அம்சம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அதிகாரம் கேட்கிறது இதைத்தான். யாக்கோபின் நிருபத்தின் 5ஆம் அதிகாரமும், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று இதையே தொடர்கிறது.

இந்தச் சட்டங்களை ஒருவர் வாழ்ந்து காட்டினால் எப்படியிருக்கும் என்பதற்கு ரூத்தின் புத்தகம் இருக்கிறது. அறுவடையில் சிந்தின கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19. ரூத் என்ற அந்நிய தேசத்து விதவை கதிர் பொறுக்க வந்த வயலின் சொந்தக்காரரான போவாஸ் அதோடு நிற்கவில்லை; அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை அவளுக்காக வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று வேலைக்காரரிடம் சொல்கிறார். உதவி செய்கிறோம் என்று ரூத்துக்குத் தெரியாமலேயே உதவி செய்வது அது. சாயங்காலம் அவள் தட்டி அளந்து பார்க்கும்போது, தான் பொறுக்கியதாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

அடுத்து, களைப்பு. இன்று அதிகம்பேர் வேதாகமத்திடம் கொண்டுவரும் பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசியாகிய எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபிக்கிறார். அதற்கு உடனே ஒரு பிரசங்கமும் வரவில்லை, அவிசுவாசம் என்ற கண்டனமும் வரவில்லை. அவர் தூங்குகிறார், தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து, பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்று சொல்கிறான். 40 நாள் நடந்து ஓரேப் என்ற மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், கர்த்தரிடமிருந்து இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி வருகிறது. என் நண்பர் ஒருவர், படுத்த படுக்கையாக இருந்த தம் தந்தையை இரவுபகலாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெபிக்கவே முடியவில்லை, விசுவாசம் போய்விட்டதோ என்று என்னிடம் கேட்டார். சிலர் அவருக்கு உபவாசம் இருக்கும்படி ஆலோசனை சொல்லியிருந்தார்கள். நான் இந்த அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அன்றிரவு அவருடைய தந்தையின் கட்டிலருகே நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் பக்கத்து அறையில் விடியும்வரை தூங்கினார். ஆலோசனை சொல்கிறவர்கள் தூதன் செய்த வரிசையிலேயே செய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இணைத்துப் பார்ப்பதில் ஒரு வகை எனக்கு உடன்பாடானதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி பழுதானால் அதில் ஒரு செய்தி, மழை பெய்தால் ஒரு செய்தி, ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் அவருடைய வாழ்க்கையில் ஏதோ பாவம் என்று, நடக்கிற ஒவ்வொன்றுக்கும் பொருள் கண்டுபிடிப்பது ஆவிக்குரிய கூர்மை என்று சிலர் எண்ணுகிறார்கள். லூக்கா 13இல் சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாக இருந்தார்களென்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று தெளிவாக மறுத்து, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களின் மனந்திரும்புதலைப் பற்றியே பேசுகிறார். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் சிநேகிதர்கள் 7 நாள் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். வாய்திறந்து அவருடைய துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது, முடிவில் கர்த்தரே அவர்கள்மேல் கோபம் கொள்கிறார். ஆகவே ஒரு நிகழ்ச்சியின் பொருள் தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். வேதாகமம் நம்மை அப்படிக் கண்டுபிடிக்கும்படி அதிகம் கேட்பதுமில்லை.

அது கேட்பது பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றியதாகவே இருக்கிறது. மத்தேயு 5இல், காணிக்கையைப் பலிபீடத்தண்டைக்குக் கொண்டுவந்த பிறகு, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறையுண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், சுமார் 3 நாள் நடைத்தொலைவில். சகோதரன் ஊரில் இருந்தால், காணிக்கையை விட்டுவிட்டு 3 நாள் திரும்பி நடந்து, சமாதானம் பேசி, மறுபடியும் 3 நாள் வரவேண்டும். குறை உள்ளது அவனுக்கு, நடக்க வேண்டியது நான் என்பதும் கவனிக்க வேண்டியது. எனக்கு யார்மேல் கோபம் என்று பட்டியல் போடுவது எளிது. என்மேல் யாருக்குக் கோபம் என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பெயர் உடனே வந்துவிடும். காலையில் வாசித்தது மதியத்தில் ஒட்டவில்லை என்கிறவர், அந்தப் பெயருக்கு உரியவரை அன்றைக்கே தொலைபேசியில் அழைத்துப் பார்க்கலாம்.

வாசிக்கும் முறையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தைத் திறந்த இடத்தில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு, பழைய காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டினை உதாரணம் காட்டுவார்கள், கி.பி. 386இல் மிலானில் அவர் அப்படித்தான் ரோமர் 13ஐக் கண்டார். உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே அவர் பவுலின் நிருபங்களை ஆழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர். கையிலிருந்ததும் அந்த நிருபங்களின் பிரதியே. நீங்கள் ஒரு முழு நிருபத்தை ஒரே மூச்சில் வாசிப்பதிலிருந்து தொடங்குங்கள். பிலிப்பியருக்கு எழுதினது மொத்தம் 104 வசனங்கள்தான். சத்தமாக வாசித்தாலும் அரைமணி நேரம் ஆகாது. என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற வசனம், காவலில் இருந்த பவுல், பிலிப்பி ஊர் நண்பர்கள் எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில், பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் கற்றுக்கொண்டேன் என்பதற்கு அடுத்தபடியாக வருவதை அப்போது காண்பீர்கள். அதன்பிறகு ரூத், அதன்பிறகு உபாகமத்தின் 22 முதல் 25 வரையுள்ள அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் இது யாருக்குச் சொல்லப்பட்டது, அன்று சாயங்காலத்துக்குள் அவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்ற இரண்டை மட்டும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். சில அதிகாரங்களில், குறிப்பாக வம்ச அட்டவணைகளில், எழுத ஒன்றும் இருக்காது; அந்த நாளில் தாளை வெறுமையாகவே விட்டுவிடலாம்.