வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய மூன்று சிறுகதைகள் மாத்திரமே சஞ்சிகைகளில் வெளிவந்துள்ளன. நூல் எதுவும் போடவில்லை. ஊர்க் கூட்டங்களில் என்னை 'எழுத்தாளர்' என்று அறிமுகப்படுத்தும்போது கூச்சமாக இருக்கிறது. ஒருவர் எப்போது எழுத்தாளர் ஆகிறார்? (கடிதத்துடன் புதிய கதையொன்றையும் இணைத்துள்ளேன்.)
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நூல் வெளிவந்த நாளில்தான் ஒருவர் எழுத்தாளர் ஆகிறார் என்றால், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளை பண்டைத் தமிழிசையை ஆராயும் அவரது 'யாழ்நூல்' அரங்கேறிய 1947 ஜூனிலிருந்து, அவர் மறைந்த அவ்வாண்டு ஜூலை வரை மட்டுமே அந்நூலின் ஆசிரியர் என்று சொல்லவேண்டிவரும். துறவியாகவும் பேராசிரியராகவும் பல பொறுப்புகளைச் சுமந்துகொண்டே, சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, விஞ்ஞானப் பட்டதாரிக்குரிய கணக்கறிவோடு பண்டை யாழ்களின் சுருதிகளை அளந்து பார்த்தாரே, அந்த ஆண்டுகளிலெல்லாம் அவர் எழுத்தாளராகத்தான் இருந்தார். சரியாக வரும்வரை விடாத அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் எழுத்தாளரிடம் தேடுகிறேன்.

அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் கதை முழுவதிலும் இல்லை. உங்கள் கதையில், நெல் வெட்டு மெசின் போன பிறகு, அது எட்டாத வரம்போரத்துக் கதிர்களை ஒரு மூதாட்டி தாக்கத்தியால் அரிந்து உரப்பையில் சேர்க்கிறார். வயற்காரர் வருவதைக் கண்டதும் பையின்மேல் அமர்ந்து வெற்றிலை மடிக்கிறார். வட்டையில், அந்த வயல்வெளியில், நின்று பார்த்தவரால்தான் அதை எழுத முடியும். அடுத்த வரியிலேயே 'வறுமையின் கோரப்பிடியில் அவள் சிக்கித் தவித்தாள்' என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியை யாரும், எந்த ஊரிலிருந்தும் எழுதிவிடலாம். அதை எழுதும்போது நீங்கள் அந்த மூதாட்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

நம் பகுதியில் பலர் கைக்காசைப் போட்டே நூல் வெளியிடுகிறார்கள். அதில் குறை காண எனக்கு மனமில்லை. உங்களுக்கு இப்போது அந்த அவசரம் வேண்டாம். கூட்டத்தில் அழைப்பவர்கள் அன்பினால் அழைக்கிறார்கள், மறுக்காதீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, வயற்காரர் மூதாட்டியிடம் என்ன கேட்டார், அந்தக் கதிர்களை மூதாட்டி வீட்டில் என்ன செய்தார் என்பதை எழுதி, கதையை மறுபடியும் அனுப்புங்கள்.