கதவில் தார், பானெட்டில் டேப் பசை: பெயிண்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

கேள்வி: தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்குப் பள்ளிக்கூட வேலைக்காகத் தினமும் காரில் போய்வருகிறேன். வெள்ளை வண்டி, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் புதிதாகத் தார் போட்டுக்கொண்டிருந்த இடத்தைக் கடந்ததில், முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கதவின் கீழ்ப்பாதி முழுக்கக் கருப்புப் புள்ளிகள். மகள் கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் செய்தவர்கள் பானெட்டில் ஒட்டிய செல்லோடேப்பின் பசையும் அப்படியே இருக்கிறது. வாட்டர் வாஷில் ஒரு தம்பி பிளேடால் சுரண்டியதில் இரண்டு இடத்தில் கோடு விழுந்துவிட்டது. போதும் என்று நிறுத்திவிட்டேன். பெட்ரோல் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஐயா, நிறுத்தியது ரொம்ப நல்லது. கிருஷ்ணகிரியில் நான் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தார் பட்டுப் பெயிண்ட் போன வண்டி இங்கே வருவது அபூர்வம். தாரை எடுக்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்துப் பெயிண்டைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

தார்ப் புள்ளி ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து விரல் நடுவே நசுக்கிப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். தாரோடு கல்தூளும் மணலும் சேர்ந்துதான் கதவில் ஒட்டுகிறது. அதை ஊறவைக்காமல் துணியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். பெயிண்டுக்கு மேலே நிறமில்லாமல் பளபளப்பாக இருக்கும் கிளியர் கோட் என்ற பூச்சின் கனம் 40, 50 மைக்ரான். தலைமுடி கனம்கூட வராது. உங்களுடையது வெள்ளை என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளெயின் வெள்ளையில் கிளியர் கோட்டே இல்லாமல் அடித்த வண்டிகளும் உண்டு. துடைக்கும் துணியில் வெள்ளையாக ஏதாவது ஏறினால் உங்கள் வண்டி அந்த வகை. உடனே கையை லேசாக்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வேண்டாம். தாரும் பெட்ரோலும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவைதான், அதனால் பெட்ரோல் தாரைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர் வெயிலில் நிமிஷத்தில் ஆவியாகிவிடும். தார் இளகுவதற்குள் துணி காய்ந்துவிடும், நீங்கள் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த ஆவி ஒரு சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும். ஹெட்லைட் கவரில் பட்டால் பிளாஸ்டிக்கில் மெல்லிய வெடிப்பு விழும்.

தின்னர் அதைவிட மோசம். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு கதவில் தின்னர் போட்டுத் தார் துடைத்தேன். அது ஏற்கெனவே ஒருமுறை ரீபெயிண்ட் செய்த கதவு என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது இழுப்பிலேயே பெயிண்ட் பிசுபிசுவென்று இளகித் துணியோடு வந்துவிட்டது. கம்பெனியில் பெயிண்டை 140 டிகிரி வாக்கில் சூடாக்கி இறுக்குகிறார்கள். பட்டறை பெயிண்ட் அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை, அதனால் தின்னரைத் தாங்காது. முழுக் கதவையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சரி, இப்போது செய்யவேண்டியது. வண்டியை நிழலில் விட்டு, கதவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு இல்லாமல் இருக்க வேண்டும். சாலைக்குப் போடும் தாரில் பரவலாகப் பயன்படும் வி.ஜி.30 ரகம் 47 டிகிரிக்கு மேல்தான் இளகும் என்று கணக்கு. வெயிலில் நிற்கும் கதவு அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். அப்போது துடைத்தால் புள்ளி புள்ளியாக இருந்தது பட்டை பட்டையாக இழுபடும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவி, ஷாம்பு போட்டு அலசி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

தார் எடுப்பதற்கென்றே விற்கும் டார் ரிமூவர் ஸ்பிரே கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் துருப்பிடித்த திருகை இளக்க அடிக்கும் டபிள்யூ.டி.40 ஸ்பிரே, அதுவும் இல்லையென்றால் மண்ணெண்ணெய். எதுவானாலும் முதலில் கதவைத் திறந்து உள்ளோரத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தடவி, ஐந்து நிமிஷம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு மங்கவில்லை என்றால் வெளியே வரலாம்.

ஒரு நேரத்தில் இரண்டு கை அகலத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, புள்ளிகள் மேல் ஒற்றி, மூன்று நான்கு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். துணியை எடுக்கும்போது பார்த்தால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் டிகாஷன் நிறத்தில் ஒரு கோடு கீழே வழியும். தார் கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வழியாமல் கை வைக்காதீர்கள். வழிந்ததும் புள்ளியை மேல்நோக்கி ஒரே இழுப்பில் லேசாக எடுத்து, துணியை மடித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட வேண்டும். கருப்பான பக்கத்தால் மறுபடி துடைத்தால் எடுத்த மணலே கோடு போடும். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் தையல் நூல் கெட்டியாக இருக்கும். அசையாத புள்ளிக்கு மறுபடி ஊறல்தான், அழுத்தம் இல்லை. பெரிய கட்டியாக இருந்தால் மூன்று முறைகூட ஊறவைக்க வேண்டிவரும்.

கதவு ரப்பரிலும் கருப்புப் பிளாஸ்டிக்கிலும் மண்ணெண்ணெய் தேங்க விடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுப் பக்கமோ சாக்கடை ஓரமோ வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

தார் முழுக்கப் போன பிறகும் செம்பழுப்பாகப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது தார் இல்லை. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் வெள்ளைப் பெயிண்டில் குத்தித் துருப்பிடித்தது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னாலேயே போய்வருகிற வெள்ளை வண்டிகளில் நிறையப் பார்க்கிறேன். அதற்கு எவ்வளவு மண்ணெண்ணெய் போட்டாலும் வராது. அயர்ன் ரிமூவர் என்று தனியாக விற்கிறது, அடித்தால் ஊதா நிறத்தில் வழியும்.

பானெட்டில் இருக்கும் பசைக்கு வேறு வழி. கல்யாண வண்டி வெயிலில் நின்றதில் டேப்பின் பசை இளகிப் பெயிண்டில் ஒட்டி, மேலே தூசியும் படிந்திருக்கும். டேப் துண்டு இன்னும் இருந்தால் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கை பொறுக்கும் சூடு காட்டுங்கள். பிறகு மேலே தூக்காமல், பானெட்டோடு படுத்தாற்போல் பின்னோக்கி மடக்கி மெதுவாக உரியுங்கள். மிச்சமிருக்கும் பசை மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் விடுங்கள். கட்டைவிரலால் உருட்டினால் பசை சுருண்டு திரிதிரியாக வரும். வராத இடத்துக்கு மட்டும் அதே டார் ரிமூவர். அடுத்த முறை பூ ஒட்டுகிறவர்களிடம் செல்லோடேப் வேண்டாம், பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் போடுங்கள் என்று சொல்லுங்கள். அதையும் அன்றைக்கே உரித்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் நாளைக்கே தூசி அப்பிவிடும். மண்ணெண்ணெயும் ரிமூவரும் பெயிண்ட் மேல் இருந்த வேக்ஸையும் எடுத்திருக்கும். அதனால் அந்த இடங்களில் புதிதாக வேக்ஸ் போடுங்கள். வேக்ஸ் இருந்தால் அடுத்த முறை தார் பட்டாலும் சீக்கிரம் விடும். சாலையில் கருப்புத் தாருக்கு முன்னால் பழுப்பாக ஒரு திரவம் தெளிப்பார்கள். அது தண்ணீரில் கலந்த தார். பட்டதும் பழுப்பாக இருக்கும்போதே தண்ணீரை அடித்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். கருப்பானால் தண்ணீர் வேலைக்கு ஆகாது.

பிளேடு போட்ட கோட்டைக் கழுவிய பிறகு பாருங்கள். நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் போனால் ஃபைன் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையைக் கையால் போட்டு மங்க வைத்துவிடலாம், மெஷின் தேவையில்லை. நகம் தடுக்கினால் ஆழம் அதிகம். உள்ளே சாம்பல் நிறமோ தகரமோ தெரிந்தால், மழைக்கு முன்னால் உங்கள் வண்டியின் பெயிண்ட் கலர் நம்பரைச் சொல்லி டச்சப் பெயிண்ட் வாங்கி, நுனி மெல்லிய குச்சியால் அந்தக் கோட்டுக்குள் மட்டும் வைத்துவிடுங்கள்.