50ஆவது பிறந்தநாளுக்கு ஓட்டமும் டிஸ்னியும்: எதை முதலில் வைப்பது?

கேள்வி: அக்கா, எனக்கு இன்னும் ஒன்றரை வருடத்தில், தை மாதம், 50 வயதாகிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி, மண்டபம் எடுத்துக் கேக் வெட்டுகிற வேலை வேண்டாம், புளோரிடாவுக்கு வா, டிஸ்னி வேர்ள்டில் தையில் அரை மரதன் நடக்கும், இரண்டு பேரும் ஓடுவோம், பிள்ளைகளோடு பார்க்குகளையும் சுற்றுவோம் என்கிறாள். புதன் இறங்கி, வியாழன் வெள்ளி பார்க், சனி ஓட்டம், ஞாயிறு திரும்புவது என்று திட்டமும் போட்டுவிட்டாள். நான் பின்னேரத்தில் மூன்று கிலோமீற்றர் நடப்பதோடு சரி. இது நடக்கிற காரியமா? இவர், உனக்கென்ன விசரா என்று கேட்கிறார்.
— வாசகி, கொக்குவில்

பதில்: நடக்கிற காரியம்தான் தங்கச்சி. ஆனால் உங்கள் தங்கச்சி போட்ட ஒழுங்கை அப்படியே மாற்றிப் போடுங்கள். ஓட்டம் முதலில், பார்க் பிறகு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். 46 வயதில் கொழும்பில் முதல்முதலாக அரை மரதன் ஓடப் போனபோது, முதல் நாள் பகல் முழுவதும் புறக்கோட்டையில் சேலைக் கடை, பாத்திரக் கடை என்று அலைந்தேன். அடுத்த நாள் பதினாலாவது கிலோமீற்றரில் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டது, மிச்சத்தை நொண்டி நொண்டித்தான் முடித்தேன். டிஸ்னி வேர்ள்ட் புறக்கோட்டையைப் போலப் பல மடங்கு. மொத்த இடம் 100 சதுர கிலோமீற்றருக்கு மேல், பார்க் மட்டும் நாலு: மஜிக் கிங்டம், எப்கொட், ஹொலிவூட் ஸ்ரூடியோஸ், அனிமல் கிங்டம். ஒரு பார்க்கை ஒரு நாள் சுற்றினாலே 10 கிலோமீற்றருக்கு மேல் நடந்துவிடுவீர்கள், அதற்குள் வரிசையில் நிற்கிற நேரம் வேறு. அப்படி இரண்டு நாள் நின்ற காலோடு மூன்றாம் நாள் விடிய 21 கிலோமீற்றர் ஓடுவது இருபது வயதுப் பிள்ளைக்கே கஷ்டம்.

அப்போ எப்படிப் போடலாம்? புதன் இறங்குங்கள். வியாழன் ஓட்ட இலக்கத்தை எடுக்கப் போங்கள், அதை நேரில் அடையாள அட்டை காட்டி நீங்களே எடுக்க வேண்டும், உங்களுடையதைத் தங்கச்சி எடுக்க முடியாது, இரண்டு பேரும்தான் போக வேண்டும். வெள்ளி ஹோட்டலில் காலை நீட்டிக்கொண்டு இருங்கள், பிள்ளைகள் வேண்டுமானால் தகப்பனோடு பார்க்குக்குப் போகட்டும். சனி ஓட்டம். ஞாயிறு பின்னேரம் எப்கொட், அங்கே 11 நாடுகளின் மண்டபங்கள் ஒரு குளத்தைச் சுற்றி இருக்கும், மெதுவாக நடந்து, இருந்து, சாப்பிட்டுப் பார்க்கலாம், ஓடிய காலுக்கு அதுதான் தோது. ஞாயிறு காலையில் முழு மரதன் நடப்பதால் சில வீதிகள் மூடியிருக்கும், அதனால்தான் பின்னேரம் என்கிறேன். திங்கள் மஜிக் கிங்டம், அதைப் பிறந்தநாளாக வையுங்கள். திகதி இரண்டு மூன்று நாள் முன்பின்னாக இருந்தால் என்ன? பார்க் வாசலில் பிறந்தநாள் பட்ஜ் ஒன்று கேட்டால் இலவசமாகத் தருவார்கள், அதைக் குத்திக்கொண்டு, கழுத்தில் பதக்கத்தோடு சுற்றுங்கள், வழியில் காண்கிற ஊழியர்கள் எல்லாம் வாழ்த்துவார்கள். செவ்வாயோ புதனோ திரும்புங்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாகச் செலவாகும், உண்மைதான், அதைத் தங்கச்சியோடு இப்போதே வெளிப்படையாகக் கதையுங்கள். யார் எதைக் கட்டுவது என்பதை அங்கே போய் நின்று கதைத்தால் சகோதரங்களுக்குள் மனக்கசப்புத்தான் வரும்.

ஓட்டத்துக்குக் கட்டுகிற காசில் பார்க் நுழைவுச்சீட்டு வராது, இரண்டும் வேறு வேறு. நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

இனி விசா. எதற்கும் காசு கட்ட முதல் இதை முடியுங்கள். அரை மரதன் பதிவுக்கு 200 டொலருக்கு மேல் போகும், கட்டினால் திரும்பாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் விடமாட்டார்கள். விசா விண்ணப்பத்துக்கும் 185 டொலர், மறுத்தாலும் அது போனதுதான். கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது, நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள், அங்கேயே நிற்கப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கேள்வியே தொடங்கும். தங்கச்சியின் அழைப்புக் கடிதத்தை நம்பிப் போகாதீர்கள். உங்களுக்கு நிரந்தர உத்தியோகம் இருக்கிறது, வீடு வாசல் இங்கே இருக்கிறது, அவற்றின் ஆவணங்களைக் கொண்டுபோய், ஓடப் போகிறேன், தங்கச்சியோடு பிறந்தநாள் கொண்டாடப் போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பார்வையாளர் விசா கிடைத்தால் பெரும்பாலும் பல வருடத்துக்குச் செல்லும், ஆகவே முன்கூட்டியே எடுத்தாலும் வீணில்லை. பதிவு பல மாதங்களுக்கு முன்பே திறந்து கெதியாக நிரம்பிவிடும், அந்த நேரம் விசா கையில் இருந்தால் தைரியமாகக் கட்டலாம். ரொறன்ரோ வழியாகப் போய்த் தங்கச்சியோடு சேர்ந்து வரும் எண்ணமிருந்தால் கனடா விசாவும் தனியாக எடுக்க வேண்டும். அது இல்லாமல் போவதானால் டுபாயில் மாறி ஒர்லாண்டோவிலேயே இறங்கலாம். பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி வேண்டும், அதிபரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, ஓட்டம். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அங்கே ஒரு மைலுக்கு 16 நிமிடம் என்பதுதான் எல்லை, கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 நிமிடம். அதைவிடப் பிந்தினால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். நல்ல வேகமாக நடந்தால் கிலோமீற்றருக்கு 11 நிமிடம் வரும், அதாவது நடை மட்டும் போதாது, ஆனால் முழுக்க ஓடவும் தேவையில்லை. அரை நிமிடம் மெல்ல ஓடுங்கள், அரை நிமிடம் வேகமாக நடவுங்கள், மறுபடி ஓடுங்கள். இப்படிப் போனால் 9 நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிடும், 21 கிலோமீற்றரை மூன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் கலோவே பரப்பிய முறை இது, டிஸ்னி ஓட்டங்களுக்கான பயிற்சி அட்டவணைகளும் அவர் போட்டவைதான். களைத்த பிறகு நடப்பதில்லை, களைக்க முதலே, முதலாவது நிமிடத்திலிருந்தே நடக்க வேண்டும், பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். மிச்சமாகிற நேரத்தில், பாதி வழிக்குச் சற்று முன்னால் சிண்ட்ரெல்லா மாளிகை வரும்போது நின்று தங்கச்சியோடு ஒரு படம் எடுங்கள், அதற்குத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள்.

புளோரிடாவும் எங்கள் குடாநாடு மாதிரிச் சமதரை, வீதி மேம்பாலங்கள்தான் ஏற்றம். ஆகவே மலை தேடி அலைய வேண்டாம், நல்லூரைச் சுற்றி ஓடினாலும் பண்ணைப் பாலத்தால் காற்றை எதிர்த்து ஓடினாலும் போதும். எனக்கு யோசனையாக இருப்பது மாரிதான். தையில் ஓட்டம் என்றால் நீளமான ஓட்டங்கள் எல்லாம் கார்த்திகையிலும் மார்கழியிலும் விழும், அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் வீதியெல்லாம் வெள்ளம். அதனால் ஐப்பசி தொடங்க முதலே 14, 15 கிலோமீற்றர் வரைக்கும் ஏறிவிடுங்கள். கிழமைக்கு இரண்டு நாள் அரை மணித்தியாலம், ஞாயிறு விடிய ஒரு நீள ஓட்டம், அதை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றர் கூட்டுங்கள். மழை வெளித்த ஞாயிறுகளில் 18 வரை போங்கள், ஓட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது நிறுத்தி, அப்புறம் குறைத்துக்கொண்டே வாருங்கள். மார்கழித் திருவெம்பாவை நாட்களில் சங்கு ஊதிக்கொண்டு வருகிற பிள்ளைகள் நாலு மணிக்கே ஊரை எழுப்பிவிடுவார்கள், அப்போது வீதியில் தனியாக இருக்கிற பயமும் இருக்காது.

ஓட்டம் தொடங்குவது காலை 5 மணிக்கு, அது யாழ்ப்பாணத்தில் பின்னேரம் மூன்றரை. நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். இங்கிருந்து போனவுடன் முதல் சில நாள் விடியப்புறம் இரண்டு, மூன்று மணிக்குத் தானாக முழிப்பு வரும், மற்ற நேரம் அது உபத்திரவம், உங்களுக்கு இது உதவி. டிஸ்னிக்குள் இருக்கும் ஹோட்டல்களிலிருந்து ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் பஸ் விடுவார்கள், அதனால் அங்குள்ளவற்றில் மலிவான ஒன்றை எடுங்கள். குளிரை மறக்காதீர்கள். தை விடியலில் அங்கே 10 பாகைக்குக் கீழேயும் இறங்கும், எங்களுக்கு அது நடுக்கம். கழற்றி விட்டுவிடக்கூடிய ஒரு பழைய சுவெட்டர் போட்டுக்கொண்டு போங்கள். சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது, இரண்டு மாதம் ஓடிப் பழகியதாக இருக்கட்டும். சாப்பாடும் அப்படியே, இங்கே நீள ஓட்டத்துக்கு முதல் வாழைப்பழமும் பனங்கட்டித் துண்டும் சாப்பிட்டுப் பழகினால் அங்கேயும் அதுதான்.

முதலில் ஒரு வைத்தியரிடம் போய் சீனி, பிரஷர், இதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவரிடம் விசர் இல்லை என்று சொல்லுங்கள். பின்னேர நடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கணவருக்கு வருகிற வருடம் 60. மணிவிழாவைக் கோயிலில் செய்வோம், அது தனி. ஆனால் அவர் நன்றாக ஓடுவார், மகன் எங்களை எங்காவது கூட்டிப்போக நிற்கிறான், பேரனுக்குப் பார்க் வேண்டும். அமெரிக்க விசா ஒருமுறை மறுத்துவிட்டார்கள். வேறு நாடு இருக்கிறதா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: சிங்கப்பூர். எங்கள் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை, இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஒன்லைனில் வருகை அட்டையை நிரப்பினால் சரி. கொழும்பிலிருந்து நாலு மணித்தியாலப் பறப்பு. மார்கழியில் அங்கே சிங்கப்பூர் மரதன் நடக்கும், அரை மரதனும் உண்டு. காலநிலை எங்களுடையது மாதிரித்தான், வெக்கையும் ஈரமும், இங்கே ஓடிப் பழகிய உடம்புக்கு அது புதிதில்லை. பார்க்குக்குச் சென்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்ரூடியோஸ். டிஸ்னி மாதிரி நாலு நாள் வேண்டாம், ஒரு நாள் போதும், அதுவும் ஓட்டத்துக்கு அடுத்த அடுத்த நாள். பேரனின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். பெரிய சுழல் ரயில்களுக்கு எல்லா நாட்டிலும் உயர எல்லை உண்டு, அங்கே வாசலில் வைத்து அளந்து, இல்லை என்று சொன்னால் பிள்ளை அழும், முதலே எது ஏறலாம் எது ஏறேலாது என்று வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். இன்னொன்று, மணிவிழாவையும் பயணத்தையும் ஒரே மாதத்தில் போடாதீர்கள். விரதம், சமையல், விருந்தாளிகள் என்று நித்திரை கெட்ட உடம்போடு 60 வயதில் 21 கிலோமீற்றர் ஓடவேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதமாவது விடுங்கள்.

கேள்வி: நானும் மச்சாளும் 40க்கு ஓடலாம் என்று யோசிக்கிறோம். பஞ்சாபியோடு ஓடலாமா? சனம் பார்க்கும், நாய் துரத்தும்.
— வாசகி, அச்சுவேலி

பதில்: தொடங்க ஓடலாம், சால்வையை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். ஐந்து கிலோமீற்றருக்கு மேலே போகும்போது பருத்தித் துணி வியர்வையில் நனைந்து பாரமாகித் தொடையிலும் கக்கத்திலும் உரசிப் புண்ணாக்கும், அப்போது மெல்லிய நீளக்கை ரீசேர்ட்டும் ட்ராக் காற்சட்டையும் வாங்குங்கள், உரசும் இடங்களில் வஸ்லின் பூசுங்கள். நாய் வந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி நடவுங்கள், ஓடினால்தான் துரத்தும். கடித்துவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. சனம் முதல் இரண்டு கிழமை பார்க்கும். மூன்றாம் கிழமை பால் கொண்டுபோகிற ஐயா, இன்றைக்கு ஏன் பிந்தி என்று கேட்பார். மச்சாள் வராத நாளில் இருட்டோடு தனியாக வெளிக்கிடாதீர்கள், விடிந்த பிறகு போங்கள்.